அதுக்கெல்லாம் ஆள் இருக்காங்க சார்!



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் வழக்கம்போல ஒரு லைக் போட்டுவிட்டுப் போகலாம், நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமை இரவு எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. "பொது இடத்தில் கார் ரிப்பேர், ஆயில் மாற்றுதல் போன்ற வேலைகளை வீட்டு உரிமையாளர்கள் செய்யக்கூடாது. மீறினால் ரூ.500 அபராதம். வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றப்படும்." யார் பெயரும் போடவில்லை. போடவும் வேண்டாம். பதினெட்டு வீடுகளில் காருக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்து ஆயில் மாற்றுகிற ஆள் நான் ஒருவன்தான்.

அறிவிப்புக்குக் கீழே மூன்று பேர் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள். நான்காவதாக ஒருவர், நல்ல மனிதர்தான், எழுதினார்: "ரிட்டயர்ட் டீச்சர், மரியாதையா வாழ்ந்தவர். அவர் ஏன் இதெல்லாம் பண்ணணும்? அதுக்கெல்லாம் ஆள் இருக்காங்க சார்." அரைமணி நேரத்தில் வேளச்சேரியிலிருந்து என் தங்கை மகன் போன். செய்தி அதற்குள் அங்கே போய்விட்டது. "மாமா, ஆப்ல போட்டா வீட்டுக்கே வந்து மாத்திக் குடுத்துட்டுப் போறான். நீங்க எதுக்கு இந்த வயசுல? ஆள் அனுப்பட்டுமா?"

ஐந்நூறு ரூபாய் அபராதம் என்னைச் சுடவில்லை. இந்த 'ஆள்' என்கிற சொல்தான் சுட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எனக்கு இரண்டு நிமிடம்தான் கொடுப்பார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக. முகப்பேரில் வீட்டு வசதி வாரியம் இந்தக் கட்டடங்களைக் கட்டியபோது இங்கே குடிவந்தவர்களில் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். சைக்கிளும் ஸ்கூட்டரும் நிறுத்த மாடிப்படிக்குக் கீழே இடம் விட்டார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு எங்கள் பதினெட்டு வீடுகளுக்கும் சேர்த்துப் பதினொரு கார். எல்லாம் கட்டடத்துக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவிலோ தெருவில் வேப்பமரத்தடியிலோ நிற்கின்றன. கார் ஷெட் என்று யாருக்கும் கிடையாது. என் காருக்கு நான்கடி தள்ளி மழைநீர் சேகரிப்புக் குழி. 2003-இல் அரசு கட்டாயமாக்கியபோது தோண்டியது. அந்தக் குழித் தண்ணீர்தான் நம் போர்வெல்லுக்குப் போகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

நான் ஏன் ஆரம்பித்தேன்? மிச்சம் பிடிக்க என்று நினைத்தால் தப்பு. 2022-இல் காரை சர்வீஸுக்கு விட்டேன். எங்கே என்று சொல்லப்போவதில்லை. விடுவதற்கு முன், முப்பத்து நான்கு வருடப் பழக்க தோஷம், ஆயில் ஃபில்டரின் மேல் சிவப்பு மார்க்கரில் சின்னதாக என் இனிஷியலைப் போட்டுவைத்தேன். விடைத்தாளில் போடுவேனே, அதே மாதிரி. சாயங்காலம் வண்டி வந்தது. பில்லில் 'ஆயில் ஃபில்டர் – 1' என்று விலையோடு இருந்தது. குனிந்து பார்த்தால் என் இனிஷியல் அப்படியே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. போய்க் கேட்டதற்குக் கவுன்ட்டரில் இருந்த பையன், "கவனிக்காம விட்டிருப்பாங்க சார், அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றான். உள்ளே எண்ணெயாவது மாற்றினார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எப்படித் தெரியும்? அதற்குத்தான் ஆள் இருக்காங்களே!

அதன் பிறகுதான் அவனைத் தேடிப் போனேன்.

யார் என்று பெயர் சொல்லமாட்டேன். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அரைப் பரீட்சைத் தாள் கொடுக்கும்போது அவனை எழுப்பி நிற்க வைத்து, "இப்படியே இருந்தா ஸ்பேனர் புடிக்கத்தான்டா போவ" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். அவன் ஸ்பேனர் பிடிக்கத்தான் போனான். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் இன்று சொந்த ஷெட், நான்கு பையன்களுக்கு வேலை. போய் நின்றதும் சாமான் பெட்டியைத் தள்ளிவிட்டு நாற்காலி போட்டான். விஷயத்தைச் சொன்னேன். "நானே மாத்தித் தரேன் சார்" என்றான். "வேண்டாம், கற்றுக்கொடு" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். பிறகு கற்றுக்கொடுத்தான். நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்ததைவிடப் பொறுமையாக.

படிக்காதவனுக்குத் தண்டனையாக நாம் காட்டிய வேலை அது. பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா. அந்தப் பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டை. இன்னும் தள்ளினால், 1965-இல் விஜயந்தா டாங்கி வெளிவந்த ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை. இந்த வட்டாரமே எண்ணெய்க் கையால் எழும்பியது. எங்கள் கட்டடத்தில் முதலில் குடிவந்தவர்களில் பாதிப்பேர் ஷிப்டு முடிந்து டிபன் பாக்ஸோடு வந்து இறங்கியவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் இன்று கைதட்டும் பொம்மை போடுகிறார்கள். டாங்கிக்கு இன்ஜின் பூட்டிய ஊரில் காருக்கு ஒரு போல்ட்டைக் கழற்றினால் மரியாதை போய்விடுமாம்.

சரி, செயலாளர் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். இருக்கிறது, மறைக்கமாட்டேன். 2023-இல் முதல் தடவை செய்தபோது ஒரு தப்பு நடந்தது. ஜாக்கி போட்டுத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்து, அடியில் படுத்து டிரெயின் போல்ட்டைக் கழற்றினேன். எண்ணெய் எல்லாம் தட்டில் ஒழுங்காக இறங்கியது. தட்டை வெளியே இழுக்கும்போது கை வழுக்கிவிட்டது. ஒரு டம்ளர் அளவு தரையில் கொட்டியது. நான்கடி தள்ளி மழைநீர்க் குழி என்றேனே. வானம் வேறு இருட்டிக்கொண்டிருந்தது. என் மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்து ஒன்றும் பேசாமல் ஒரு மூட்டை மரத்தூளைக் கொட்டினாள். (அவள் பேசாமல் இருந்தால் எவ்வளவு கோபம் என்று உறவினர்களுக்குத் தெரியும்.) குழிக்குள் போகவில்லை. போயிருக்கலாம். கார் எண்ணெயை ஒரு தடவை மாற்றும்போது வருகிற கழிவு, பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கும் என்று அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. அன்று செயலாளர் என்னைத் திட்டியிருந்தால் தலைகுனிந்து கேட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் அடியில் படுப்பதே இல்லை. இதை அறிவிப்பு போட்டவர்கள் கவனிக்கவில்லை. ஒரு கைப்பம்ப் வாங்கினேன். இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, பத்து நிமிடம் பொறுத்து, டிப் ஸ்டிக்கை உருவிவிட்டு, அந்த ஓட்டை வழியாகவே மெல்லிய குழாயை அடித்தட்டு வரைக்கும் இறக்க வேண்டும். எண்ணெய் சூடானால் இளகும், சுலபமாக ஏறும். பம்பைப் பத்துப் பதினைந்து தடவை அடித்தால் அதன் தொட்டிக்குள் காற்று குறையும். எண்ணெய் தானாகக் குழாயில் ஏறித் தொட்டிக்கு வரும். பம்ப் உறிஞ்சுகிறது என்று எழுதினால் மார்க் கிடையாது, வெளியிலிருக்கும் வளிமண்டல அழுத்தம் தள்ளுகிறது. ஞாபகம் இருக்கிறதா? ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கிற கணக்குதான். கால் மணி நேரத்தில் மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்துவிடும். அடியில் கொஞ்சம் தங்கும், பாதகமில்லை. போல்ட் கழற்ற வேண்டாம், ஜாக்கி வேண்டாம், தரையில் சொட்டு விழாது. டிரைவ்வே இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கென்றே செய்த மாதிரி.

ஃபில்டரைக் கழற்றும்போதுதான் கொஞ்சம் ஒழுகும். என் வண்டியில் அதற்கு மேலிருந்தே கை எட்டுகிறது. எல்லா வண்டியிலும் எட்டாது. ஃபில்டரைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டுத் திருகினால் ஒழுகுவதெல்லாம் பைக்குள். கீழே ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனர். போன தேர்தலில் நின்ற ஒருவர் கும்பிட்டபடி சிரிக்கிறார், அவர் நெற்றியில் இரண்டு சொட்டு விழுந்தது. முகப்பேர் மண்ணில் ஒன்றும் விழவில்லை. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் புது எண்ணெய் தடவி, கையாலேயே இறுக்க வேண்டும், ஸ்பேனர் போட்டு முறுக்கக்கூடாது. பிறகு புது எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, டிப் ஸ்டிக்கில் பார்த்து நிறுத்த வேண்டும். எந்த கிரேடு, எத்தனை லிட்டர் என்பது உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். (5டபிள்யூ-30 என்பதில் உள்ள டபிள்யூ வாட் அல்ல, வின்டர். சென்னைக்கும் அந்த வின்டருக்கும் சம்பந்தமில்லை என்றாலும் கையேடு சொன்னதையே ஊற்றுங்கள்.)

இரண்டு எச்சரிக்கை. வண்டிக்கு வாரன்டி இருக்கும்வரை கம்பெனியிலேயே செய்துகொள்ளுங்கள். என் கார் ஒன்பது வயதுக் கிழம், எனக்கு அந்தக் கவலை இல்லை. இன்னொன்று, வெறும் ஜாக்கியை நம்பி யாரும் காருக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் வேலையே வேண்டாம். நம் தெருக்களில் சமதரை என்று ஒன்று கிடையாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பழைய எண்ணெய்.

தீர்மானம் என்ன நினைக்கிறது? நம் காம்பவுண்டில் மாற்றினால் அழுக்கு, ஷெட்டில் மாற்றினால் சுத்தம். எண்ணெய் நம் கண்ணைவிட்டு மறைந்தால் உலகத்தைவிட்டே மறைந்துவிட்டது என்று கணக்கு. எந்த மெக்கானிக் தெருவுக்கும் போய்த் தரையைப் பாருங்கள். மண்ணா தாரா என்று தெரியாது. மழை பெய்தால் அது எங்கே போகும்? வடிகால், வடிகாலிலிருந்து கால்வாய், நம் பக்கத்தில் என்றால் கடைசியில் நொளம்பூர் ஓரமாக ஓடுகிற கூவம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் வந்து சேர்ந்ததே, மீனவர்கள் வாளியும் மக்கும் வைத்துக்கொண்டு கழிமுகத்தில் எண்ணெயை மொண்டார்களே, அந்தப் படங்களை நம் குழுவிலும் பகிர்ந்து வருத்தப்பட்டோம். அது பெரிய சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்து எண்ணெய், இது சின்ன ஷெட் எண்ணெய், அளவு வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் அள்ளுவதற்கு 'ஆள்' இருந்தார்கள், கவனித்தீர்களா? வலை போட வேண்டிய கை.

என் மாணவனிடம் கேட்டேன், "பழைய ஆயிலை என்ன செய்கிறாய்?" பீப்பாயைக் காட்டினான். "வண்டிக்காரர் வந்து எடுத்துட்டுப் போவார் சார்." எங்கே? "சென்ட்ரிங் வேலைக்குத்தான். பலகையில கான்கிரீட் ஒட்டாம இருக்கத் தடவுவாங்க." எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முகப்பேர் முழுக்கப் பழைய வீடுகளை இடித்து ஸ்டில்ட் வைத்து நான்கு மாடி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாம் சர்வீஸுக்கு அனுப்பிய எண்ணெய் அடுத்த தெருச் சென்ட்ரிங் பலகையில், அதைத் தடவுகிறவரின் வெறுங்கையில், மழை வந்தால் மறுபடி நம் தெருவிலேயே. ஓடின எண்ணெய் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் புற்றுநோய் அபாயம் உண்டு. புது எண்ணெய் டப்பாவின் பின்பக்கத்தைப் பொடி எழுத்துவரை படித்துப் பாருங்கள், தோலில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கும். அவன் ஷெட்டில் பையன்கள் வெறுங்கையோடு வேலை செய்தார்கள். நான் ஒரு நாள் அந்த வேலையைச் செய்த பிறகுதான், கையுறை இல்லாமல் எப்படி என்று கேட்கத் தோன்றியது. பதினாறு வருடம் கார் ஓட்டியிருக்கிறேன், அதுவரை தோன்றவில்லை. இப்போது அங்கே ஒரு பெட்டி கையுறை இருக்கிறது. பாதி நேரம் போட்டுக்கொள்வதில்லை என்று அவனே சொல்கிறான்.

"நீங்களே செய்தால் அவன் பிழைப்பு?" என்று ஒருவர் குழுவில் கேட்டிருந்தார். கேட்டவர் போன மாதம் அதே ஷெட்டில் பில்லில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிச் சண்டை போட்டவர். நான் அவனையே கேட்டேன். "ஆயில் சர்வீஸ்ல எனக்கு என்ன சார் பெருசா நிக்குது? தெரிஞ்ச கஸ்டமர் வந்தா சத்தத்தைக் கேட்டே விஷயத்தைச் சொல்லுவாங்க, எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்றான். பிரேக், கிளட்ச் எல்லாம் அவன்தான் பார்க்கிறான். அதைத் தொடுகிற துணிச்சல் எனக்கு இல்லை.

அப்படியானால் உங்கள் பழைய எண்ணெய் எங்கே சார் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். முதல் தடவை எண்ணெய் அவன் பீப்பாயில்தான் போய்ச் சேர்ந்தது, சென்ட்ரிங் விஷயம் தெரிவதற்கு முன். அடுத்த இரண்டு தடவையும் வந்தது கிட்டத்தட்ட ஆறு லிட்டர், மூடி இறுக்கிய இரண்டு கேன்களில் என் பால்கனியில் இருக்கிறது. தீப்பிடிக்கும் என்று பயப்படுகிறவர்களுக்கு: இன்ஜின் ஆயில் பெட்ரோல் அல்ல, 200 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அதன் ஆவி தீப்பற்றும். இருந்தாலும் அடுப்படியிலிருந்து தள்ளித்தான் வைத்திருக்கிறேன். புது எண்ணெய் வாங்கின கடையில், பழையதைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். இன்னும் மூன்று கடை. அதே பார்வை.

ஜெர்மனியில் இருக்கிற நம் பையன் ஒருவன் போனில் சொன்னான்: அங்கே இன்ஜின் ஆயில் விற்கிற கடை, விற்ற அளவுக்குப் பழைய எண்ணெயைக் காசு வாங்காமல் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். பில்லைக் காட்டினால் போதும், அது சட்டம். அமெரிக்காவில் இருப்பவர்களைக் கேட்டால் உதிரிபாகக் கடைகள் பலவற்றில் சும்மாவே வாங்கிக்கொள்கிறார்கள் என்கிறார்கள். (அங்கேயும் அபார்ட்மென்ட்களில் கார் வேலை செய்யக்கூடாது என்று தடை உண்டு என்பதையும் சொன்னார்கள். செயலாளர் இந்த வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பார்.) நம் நாட்டில் சட்டமே இல்லை என்று நினைக்காதீர்கள். 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி பழைய எண்ணெய் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும். 2023-இல் அதில் திருத்தம் கொண்டுவந்து, 2024 ஏப்ரல் 1 முதல் எண்ணெய் தயாரிக்கும் கம்பெனிகளுக்கே பழையதைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பையும் கொடுத்தார்கள். நல்ல விதி. பழைய எண்ணெயைச் சுத்தம் செய்து மறுபடி எண்ணெயாகவே ஆக்கலாம், தூக்கிப் போட வேண்டிய பொருளே இல்லை. ஆனால் அந்த விதி நான் போன கடைக் கவுன்ட்டர் வரைக்கும் இன்னும் நடந்து வரவில்லை.

மறுசுழற்சி செய்கிற ஓரிடத்தில் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். "பீப்பாய்க் கணக்கில் இருந்தால் வண்டி அனுப்புவோம் சார், ஆறு லிட்டருக்கு எப்படி?" நியாயம்தானே. ஒரு பீப்பாய் என்பது இருநூறு லிட்டர் சொச்சம். எங்கள் கட்டடத்தில் பதினொரு கார், ஆளுக்கு மூன்று லிட்டர், வருடம் ஒரு தடவை என்றால் முப்பத்து மூன்று. இதே மாதிரி ஆறேழு கட்டடம் சேர்ந்தால் வருடத்துக்கு ஒரு பீப்பாய். என் மாணவன் ஷெட்டையும் சேர்த்துக்கொண்டால் சில மாதங்களிலேயே நிறைந்துவிடும். அவனிடம் பேசிவிட்டேன். சென்ட்ரிங்காரர் கொடுக்கிற காசைவிடக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்கிறான்.

ஆகவே, செயலாளர் தம்பி, உங்கள் தீர்மானத்தில் ஒரே ஒரு திருத்தம் கேட்கிறேன். தரையில் ஒரு சொட்டு விழுந்தால் ஐந்நூறு அல்ல, ஆயிரம் போடுங்கள்; முதல் ஆளாக நான் கட்டுகிறேன். மழைநீர்க் குழியிலிருந்து எத்தனை அடி என்று கோடு போடுங்கள். போல்ட் கழற்றக் கூடாது, பம்ப் மட்டும் என்று எழுதுங்கள். அதோடு, வெளியில் சர்வீஸ் விடுகிற பத்துப் பேரும் தங்கள் பழைய எண்ணெய் எங்கே போனது என்று வருடத்துக்கு ஒரு தடவை கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்றும் எழுதுங்கள். என்னால் சொல்ல முடியும். பால்கனிக்கு வந்தால் காட்டவும் முடியும்.

எலக்ட்ரிக் கார் வாங்கிவிட்டால் பிரச்சினையே இல்லை என்று ஒருவர் போட்டிருந்தார். சரி. தெருவில் நிறுத்துகிற காருக்கு மூன்றாவது மாடியிலிருந்து சார்ஜ் ஒயர் விடச் சங்கம் அனுமதிக்குமா என்பதை அடுத்த கூட்டத்தில் பேசலாம்.

முகப்பேர் கிழக்கு, மேற்கு, ஏரித் திட்டம் (பெயரில் மட்டும் ஏரி இருக்கிறது), நொளம்பூர், பாடி பக்கம் இருக்கிற மாணவர்கள் யாருக்காவது பீப்பாய்த் திட்டத்தில் சேர விருப்பம் இருந்தால் கமென்டில் எத்தனை கார் என்று மட்டும் போடுங்கள். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு காலை ஆறரைக்கு, வெயில் ஏறுவதற்கு முன், என் மாணவன் ஷெட்டில் அந்தப் பம்ப்பை எப்படிப் போடுவது என்று காட்டப்போகிறோம். சொல்லிக்கொடுப்பது அவன். நான் பின்பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள், கையுறை அங்கே இருக்கிறது. தங்கை மகனே, உன்னையும்தான் சொல்கிறேன்.

நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அன்றைக்கு வகுப்பில் நான் சொன்னதை உன்னிடம் நேரில் எடுத்துப் பேச மூன்று வருடமாக எனக்கு வாய் வரவில்லை. ஷெட்டில் பையன்கள் இருக்கிறார்கள், நீ டீ வாங்கி வரச் சொல்லிவிடுகிறாய், பேச்சு மாறிவிடுகிறது. நாற்பது பேர் முன்னால் சொன்னதை நாற்பது பேர் முன்னால்தான் திருப்பி வாங்க வேண்டும். அதனால் இங்கே எழுதினேன். தப்பு என்னுடையது.